மின்சார கார் யாருக்கு லாபம்? ஜெயங்கொண்டம் – அரியலூர் கணக்கு

பழைய கார் கம்பெனிகளுக்கு மாற்று எரிபொருள் கைகொடுக்குமா? ரெண்டு உதாரணம் பார்ப்போம்.

மாருதி 2020 ஏப்ரலில் டீசலை விட்டுட்டு, சிஎன்ஜி மேல கவனம் வெச்சது. அதே இன்ஜின், அதே தொழிற்சாலை. கூடுதலா சிலிண்டரும் குழாயும்தான். அதனால சீக்கிரமே கல்லா கட்டுது. டாடாவோ 2020 ஜனவரியில் நெக்ஸான் மின்சார காரை இறக்கியது. இதில் பேட்டரிதான் பெரிய செலவு. அடுத்த வருஷமே ரூ.7,500 கோடி வெளி முதலீடு தேடவேண்டி வந்தது.

மின்சார காருக்கு ஜிஎஸ்டி 5%தான். ஆனா சின்ன பெட்ரோல் காருக்கும் 2025 செப்டம்பர் 22 முதல் 28% வரி 18% ஆயிடுச்சு. வரி வித்தியாசம் சுருங்கினதால, இனி உங்க ஓட்டம்தான் முடிவு பண்ணும்.

விலை வித்தியாசம் 4 லட்சம், கி.மீ.க்கு மிச்சம் ரூ.4.50னு வைங்க. ஜெயங்கொண்டத்திலிருந்து அரியலூருக்கு தினமும் போய்வந்தா மாசம் சுமார் 1,750 கி.மீ. நாலேகால் வருஷத்தில் போட்ட காசு திரும்பிடும். மாசம் 300 கி.மீ. மட்டும்னா? 24 வருஷத்துக்கு மேல!

இன்னொன்னு: 80இஇபி வட்டிக் கழிவு, 2023 மார்ச் 31-க்குள் அனுமதியான கடனுக்கு மட்டும்தான். இப்ப வாங்கினா கிடையாது.

கம்பெனி ஜெயிக்கிறது அவங்க கவலை. உங்க மாசக் கிலோமீட்டரை எழுதிப் பாத்துட்டு புக் பண்ணுங்க.