நாயோடு நார்த்தாமலை டிரெக்கிங்கா? குவாரிப் பக்கம் கயிறை விட்டுடாதீங்க!

ஐப்பசி மழை நாலு தரம் பெய்தால் போதும். கோடை முழுக்கக் கொதித்துக் கிடந்த புதுக்கோட்டைப் பாறைகள், நடக்கத் தோதாக மாறிவிடும். டென்ட்டும் வளர்ப்பு நாயுமாகக் கிளம்ப நினைப்பவர்களுக்கு இதுதான் சீசன். ஆனால், அதே மழைதான் கைவிடப்பட்ட கல்குவாரிகளையும் நிரப்புகிறது.

புதுக்கோட்டையிலிருந்து திருச்சி சாலையில் சுமார் 17 கி.மீ. தூரத்தில் இருக்கிறது நார்த்தாமலை. மேலமலை, ஆளுருட்டிமலை எனச் சின்னச் சின்னக் குன்றுகள். (ஆளை உருட்டும் மலை! பெயரே எச்சரிக்கைப் பலகை மாதிரிதான் இருக்கு.) தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இந்த வட்டாரத்திலிருந்துதான் கல் போனதாகச் சொல்வார்கள். இந்த மாவட்டத்தில் கல் உடைப்பது இன்றும் நிற்கவில்லை. வெட்டி முடித்து அப்படியே விட்டுப்போன குழிகள்தான் சிக்கல்.

குவாரித் தண்ணீரில் அப்படி என்ன ஆபத்து? குளம், கண்மாய் என்றால் கரை சரிவாக இருக்கும். நாய் நீந்தி ஏறிவிடும். குவாரியில் சுவர் செங்குத்து. ஈரக் கருங்கல்லில் நகம் பிடிக்காது. சுற்றிச் சுற்றி நீந்தியே நாய் களைத்துவிடும். அதைப் பார்க்கத் தாங்காமல் வளர்த்தவரும் குதிப்பார் பாருங்க, அங்கேதான் விபரீதமே. எவ்வளவு நல்லா நீச்சல் தெரிந்திருந்தாலும் ஏறப் பிடிமானம் வேண்டுமே! ஆழமும் தெரியாது, அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கல்லும் தெரியாது.

நாய் விழுந்துவிட்டால் என்ன செய்வது? குதிக்காதீர்கள். பெரிய குவாரிகளில் லாரி உள்ளே இறங்கிய சரிவுப் பாதை ஒன்று இருக்கும். பெரும்பாலும் வெளியே வர அது ஒன்றுதான் வழி. அந்தப் பக்கம் ஓடிப்போய் நின்று நாயைக் கூப்பிடுங்கள். வரவில்லை என்றால் 112 அல்லது 101-க்கு போன் போடுங்கள். கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்போடு சேர்த்துக் கட்டும் ஹார்னஸ் போட்டிருந்தால், கழுத்து இறுகாமல் இழுத்துத் தூக்கலாம்.

தேங்கிய தண்ணீரைக் குடித்தால் எலிக்காய்ச்சல் வரலாம். அதற்கான தடுப்பூசி போட்டாச்சா என்று கிளம்பும் முன்பே கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வேலை நடக்கும் குவாரி என்றால் கிட்டயே போகாதீங்க. தீபாவளி வெடிக்கே கட்டிலுக்கடியில் ஒளியும் நாய், பாறை வெடி கேட்டால் எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்ல முடியாது.

இன்னொரு விஷயம். மேலமலை மேல் இருக்கும் விஜயாலய சோழீஸ்வரம், பக்கத்துச் சித்தன்னவாசல் இரண்டும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. 1959-ம் ஆண்டு விதிகளின்படி இப்படிப்பட்ட சின்னங்களுக்குள் விலங்குகளைக் கூட்டிப்போகக் கூடாது. ராத்திரி தங்கவும் முடியாது. எனவே ஒருவர் மேலே போனால், இன்னொருவர் நாயோடு கீழே நிற்க வேண்டியதுதான்.

டென்ட் அடிக்க அடிவாரத்தில் தெரிந்தவர் தோப்பு கிடைத்தால் நல்லது. வெளிச்சம் இருக்கும்போதே, குழி எந்தப் பக்கம் என்று ஊர்க்காரர்களிடம் கேட்டுவிடுங்கள். மழைக்குப் பிறகு புதர் மண்டி விளிம்பே தெரியாது. ஆடு மேய்ப்பவர்களுக்கு மட்டும் அத்தனையும் அத்துப்படி.