வீட்டில் எல்லோரும் ஒரே பொய்யை நம்பினால்...

தாயும் மகளும் மட்டும் வசிக்கும் ஒரு லைன் வீட்டை எடுத்துக்கொள்வோம். பக்கத்து வீட்டார் தண்ணீரில் விஷம் கலப்பதாகத் தாய் நம்புகிறார். முதலில் மறுத்த மகள், சில மாதங்களில் தானும் குழாய்த் தண்ணீரைத் தொடுவதை நிறுத்திவிடுகிறார். பகலிலும் கதவு சாத்தியே கிடக்கிறது. கேட்டால் இருவரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். இது விளக்கத்துக்காகச் சொன்ன உதாரணம். ஆனால், இப்படி ஒரு நோய் உண்டு.

எப்படித் தொற்றுகிறது?

ஆதாரம் காட்டினாலும் மாறாத தவறான நம்பிக்கையை மருட்சி என்பார்கள். அது நெருங்கிய உறவினருக்கும் பரவும் ‘பகிர்ந்த மருட்சி’யை 1877-ல் பிரெஞ்சு மருத்துவர்கள் லசேக், ஃபால்ரே விவரித்தனர். பெரும்பாலும் ஒருவருக்குத்தான் முதலில் மனநோய் வருகிறது. அவரைச் சார்ந்து, வெளியுலகத் தொடர்பின்றி வாழ்பவர் அதையே உண்மையென ஏற்கிறார். சாமி கும்பிடுவதும் ஊரே பின்பற்றும் சடங்கும் மருட்சி ஆகாது.

புராரி சொல்லும் பாடம்

2018 ஜூலை 1 அன்று டெல்லி புராரியில் ஒரே குடும்பத்தினர் 11 பேர் இறந்து கிடந்தனர். முன்பே இறந்துபோன தந்தை தன் மூலம் பேசுவதாக நம்பிய அக்குடும்பத்து மகனின் கட்டளைகள் நோட்டுப் புத்தகங்களில் பல ஆண்டுகளாக எழுதப்பட்டிருந்தன. பகிர்ந்த மருட்சிக்கு இதை உதாரணமாக மனநல மருத்துவர்கள் பலர் சுட்டினர். அக்கம்பக்கத்தாருக்கு அது சாதாரணக் குடும்பமாகவே தெரிந்தது.

கோலார் தங்க வயலில் ஏன் கவனம் தேவை?

2001-ல் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, வேலைக்காக விடிகாலை ரயிலில் பெங்களூருக்குப் போய் இரவில் திரும்புவது இங்கே பலரின் வாழ்க்கையாகிவிட்டது. பகலெல்லாம் பல வீடுகளில் இருப்பது வயதானவர்களும் நோயாளிகளும்தான். பேச்சுத் துணையின்றி இருவர் மட்டும் அடைந்து கிடக்கும் வீட்டைத்தான் நாம் கவனிக்க வேண்டும். சுவரோடு சுவர் ஒட்டிய லைன் வீடுகளில் மாற்றத்தை முதலில் அறிபவர் பக்கத்து வீட்டுக்காரர்தான்.

சிகிச்சை என்ன?

இருவரையும் சில காலம் தனித்தனியே வைத்துப் பார்ப்பது முதல் படி. பிரித்ததுமே சிலருக்கு நம்பிக்கை தளர்கிறது. எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை. முதலில் நோயுற்றவருக்கு மருட்சியைக் குறைக்கும் மாத்திரைகள் அவசியம். மற்றவருக்கும் தேவைப்படலாம். கூடவே உளவியல் ஆலோசனையும் குடும்ப ஆலோசனையும் வேண்டும். கொஞ்சம் தேறியதும் மாத்திரையை நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும்.

குடும்பத்தார் செய்ய வேண்டியவை

நோயுற்றவர்களோடு வாதாடாதீர்கள், ஆமாம் போடவும் வேண்டாம். “உங்களுக்குத் தூக்கமே இல்லையே, டாக்டரைப் பார்ப்போம்” என்று தொடங்குங்கள். செய்வினை, பில்லி சூனியம் என்று மந்திரிக்க அலைந்து மாதங்களைக் கடத்தாதீர்கள். கட்டிப்போடுவதும் அடிப்பதும் குற்றம். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. சாவைப் பற்றியோ பிறரைத் தாக்குவதைப் பற்றியோ பேசினால் காத்திருக்க வேண்டாம், உடனே 112-ஐ அழையுங்கள்.

கோலார் மாவட்ட மருத்துவமனையை அணுகலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை தங்க வயலிலிருந்து சுமார் 100 கி.மீ. தொலைவில்தான் இருக்கிறது. டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணமில்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். உங்கள் லைனில் சாத்திய கதவு ஒன்று இருந்தால், இன்றே தட்டி நலம் விசாரியுங்கள்.