கரிசல் காட்டில் சிக்கன வேகம்

சிவகாசியில் பட்டாசு ஏற்றிக்கொண்டு தில்லிக்குக் கிளம்பும் லாரி, சாத்தூரிலோ விருதுநகரிலோ நால்வழிச் சாலையைப் பிடித்துவிட்டால் அப்புறம் சாலை மாறவே வேண்டியதில்லை. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை வரும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை அது. இங்கிருந்து தில்லிக்கு 2,500 கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு தூரத்துக்கும் அந்த லாரிக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்ச வேகம் மணிக்கு 60 கி.மீ.தான். சரக்கு வண்டிகளுக்குப் பொதுவாக 80 கி.மீ.யில் நிறுத்தும் ‘ஸ்பீடு கவர்னர்’ வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதிகளில் 118-ஆவது விதி. டேங்கர், டிப்பர், பள்ளிப் பேருந்து, ஆபத்தான சரக்கு ஏற்றும் வண்டி ஆகியவற்றுக்கு அந்த வரம்பு 60. ஆபத்தான சரக்குகளின் வகைப்பாட்டில் முதல் வகுப்பே வெடிபொருள்தான்.

கருவி வண்டியில் இருக்கிறதா, இருந்தால் வேலை செய்கிறதா என்பது தனிக் கதை. விதி போட்டவர்கள் நினைத்தது உயிரை, டீசலை அல்ல. ஆனால் டீசலை மட்டும் நினைத்துக் கணக்குப் போட்டாலும் பட்டாசு லாரிக்குக் கிட்டத்தட்ட அதே 60-ல்தான் போய் நிற்கிறோம். அது எப்படி?

ஓடும் வண்டி மூன்று இடங்களில் எரிபொருளைச் செலவழிக்கிறது. முதலாவது இன்ஜினின் சொந்தச் செலவு. உள்ளுராய்வு, தண்ணீர் பம்பு, ஆல்டர்னேட்டர், ஏசி என்று வண்டி நகர்ந்தாலும் நகராவிட்டாலும் மணிக்கு இவ்வளவு என்று போய்க்கொண்டே இருக்கும். இது கடை வாடகை மாதிரி. வியாபாரம் கூடினால் ஒரு சாமானுக்கு விழும் வாடகைப் பங்கு குறையும். மணிக்கு 20 கி.மீ. போகிற காரில் ஒவ்வொரு கிலோமீட்டரின் தலையிலும் இந்தச் செலவு பெரிதாக விழும். 60-ல் போனால் மூன்றில் ஒரு பங்காகிவிடும். ரொம்ப மெதுவாகப் போனாலும் மைலேஜ் கிடைக்காமல் போவதற்குக் காரணம் இதுதான்.

இரண்டாவது, டயர் உருளுவதற்கான செலவு. டயர் சாலையில் அமுங்கி அமுங்கி எழுவதில் வீணாவது. வண்டியின் எடைக்கும் காற்றழுத்தத்துக்கும் ஏற்ப மாறுமே தவிர, வேகம் இதை அதிகம் பாதிப்பதில்லை.

மூன்றாவது காற்று. ஆட்டத்தை மாற்றுவது இதுதான். வேகம் இரண்டு மடங்கானால் காற்று எதிர்க்கும் விசை நான்கு மடங்காகிறது. அதைத் தள்ளிக்கொண்டு போக இன்ஜின் தரவேண்டிய திறனோ எட்டு மடங்கு.

நான்கு பேர் போகும் ஒரு சிறிய காருக்குத் தோராயமாகக் கணக்கிட்டுப் பார்க்கலாம். டயரின் தடை 100 நியூட்டன் அளவில் இருக்கும். 10 கிலோ எடையைத் தூக்கிப் பிடிக்கத் தேவையான விசை அது. மணிக்கு 57 கி.மீ. வாக்கில் காற்றுத் தடையும் அதே 100-ஐத் தொடுகிறது. 80-ல் அது 200, 100-ல் 310, 120-ல் 450 நியூட்டன். ஐம்பத்தேழுக்குக் கீழே டயரோடு மல்லுக்கட்டும் வண்டி, அதற்கு மேலே காற்றோடு மல்லுக்கட்டுகிறது. இன்ஜின் செலவு இறங்கிக்கொண்டே வர, காற்றுச் செலவு ஏறிக்கொண்டே போக, இரண்டையும் கூட்டினால் நடுவில் ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளம்தான் சிக்கன வேகம்.

பள்ளத்தின் அடி தட்டையானது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 52-ஆ 58-ஆ என்று சண்டை போடுவதில் லாபமில்லை. பெரும்பாலான கார்களுக்கு 50-க்கும் 70-க்கும் இடையில் எங்கே ஓட்டினாலும் வித்தியாசம் சொற்பம். டாப் கியரில் வண்டி முக்காமல் இழுக்கும் மிகக் குறைந்த வேகம் எதுவோ, அதற்குச் சற்று மேலே நிற்பது நல்லது. பைக் என்றால் பள்ளம் இன்னும் கீழே, 40-ஐ ஒட்டி இருக்கும். சின்ன இன்ஜின் என்பதால் அதன் சொந்தச் செலவு குறைவு. நிமிர்ந்து உட்கார்ந்த ஆளோ காற்றுக்கு நல்ல தடுப்புச் சுவர்.

பெட்ரோல் பங்குகளிலும் பிரசுரங்களிலும் பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கழகம் நெடுநாளாகச் சொல்லிவரும் எண் 45 முதல் 55. டேராடூனிலுள்ள இந்தியப் பெட்ரோலிய நிறுவனம் இந்தியக் கார்களில் செய்த சோதனைகளை வைத்து, 80-ல் போவதைவிட இந்த வேகத்தில் 40 சதவீதம் வரை கூடுதல் மைலேஜ் கிடைக்கும் என்கிறது அது. இன்றைய ஐந்து, ஆறு கியர் கார்களில் அவ்வளவு பெரிய இடைவெளி இருக்காது என்பது என் எண்ணம். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 74 வாகனங்களின் தரவுகளைப் பார்த்தது. மணிக்கு 50 மைலிலிருந்து (80 கி.மீ.) 60 மைலுக்கு ஏற்றினால் மைலேஜ் சராசரியாக 12.4 சதவீதம் குறைந்தது. 60-லிருந்து 70-க்கு 14 சதவீதம், 70-லிருந்து 80-க்கு 15.4 சதவீதம் குறைந்தது. ஒவ்வொரு படியிலும் அடி பலமாகிறது. 1973 எண்ணெய் நெருக்கடி வந்தபோது நாடு முழுவதற்கும் மணிக்கு 55 மைல்தான் என்று 1974-இல் சட்டம் போட்ட நாடு அது. 1995-இல் அதை எடுத்துவிட்டார்கள்.

‘கம்பெனி சொன்ன மைலேஜ் கிடைக்கவில்லை’ என்று புலம்பாத கார்க்காரர் உண்டா? இங்கே மைலேஜ் அளக்கப் பயன்பட்டுவரும் சோதனை ஓட்டத்தில் உச்ச வேகம் 90 கி.மீ.; அதுவும் கொஞ்ச நேரத்துக்குத்தான். விருதுநகர் தாண்டியதும் 110-ஐத் தொடுகிறவருக்கு அந்த எண் எழுதப்படவே இல்லை. லாரிக்கோ 2017-இல் மத்திய அரசு அறிவித்த எரிபொருள் விதிமுறை, 40-லும் 60-லும் சீராக ஓட்டித்தான் அளக்கச் சொல்கிறது. 80-ல் எவ்வளவு குடிக்கும் என்று அந்தச் சோதனை கேட்பதே இல்லை.

விருதுநகர் மாவட்டத்தில் இரண்டு விதமான லோடுகளை அடுத்தடுத்துப் பார்க்கலாம். ஆர்.ஆர். நகரிலிருந்து வரும் சிமென்ட் லாரி பளுவானது, உயரம் குறைந்தது. பட்டாசு லாரி எடை குறைந்தது. ஆனால் பெட்டிகளை அடுக்கித் தார்ப்பாய் கட்டினால் கேபினுக்கு மேலே எழுந்து நிற்கும். 28 டன் சிமென்ட் வண்டியையும் 12 டன் பட்டாசு வண்டியையும் தோராய அளவுகளோடு எடுத்துக்கொண்டேன். 60-லிருந்து 80-க்கு ஏறும்போது சிமென்ட் வண்டியின் மொத்தத் தடை (டயரும் காற்றும் சேர்த்து) ஏறத்தாழ 25 சதவீதம் கூடுகிறது. பட்டாசு வண்டிக்கு 45 சதவீதம். வேகத்தைக் குறைத்து அதிகம் மிச்சம் பிடிக்கக்கூடியது பட்டாசு லாரிதான். லோடு லேசாக இருக்கிறது என்று அந்த வண்டியைத்தான் விரட்டுகிறார்கள்!

தில்லிப் பயணத்தில் இது எவ்வளவு ரூபாய்? லிட்டருக்கு 4 கி.மீ. தரும் வண்டி, நிதானமாக ஓட்டினால் 4.6 தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 2,600 கி.மீ.க்கு 650 லிட்டர் 565 ஆகிறது. டீசல் லிட்டர் 92 ரூபாய் என்றால் மிச்சம் எட்டாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே. ஆனால் 80-லிருந்து 60-க்கு இறங்கினால் சக்கரம் உருளும் நேரம் மட்டும் 11 மணி கூடுகிறது. அந்த எட்டாயிரம் லாரி முதலாளிக்கு, 11 மணி நேரம் டிரைவருக்கு. டிரிப் கணக்கில் சம்பளமும் பேட்டாவும் வாங்குகிற டிரைவர், தீபாவளி நெருங்கும் நேரத்தில் அடுத்த லோடு காத்திருக்கும்போது, 60-ல் ஏன் போக வேண்டும்? சிக்கன வேகம் பற்றிய பிரசுரங்கள் எல்லாம் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகின்றன. மிச்சமாகும் டீசலில் டிரைவருக்குப் பங்கு கொடுக்காத முதலாளி, ஸ்பீடு கவர்னரை நம்பிப் பயனில்லை.

கார்க்காரர் கணக்கு வேறு. விருதுநகரிலிருந்து மதுரைப் பக்கம் 50 கி.மீ. போகிறார். 80-ல் லிட்டருக்கு 20 கி.மீ. தரும் கார், 97-ல் 17.5 தரும். கூடுதலாகச் செலவாவது சுமார் 350 மில்லி பெட்ரோல். முப்பத்தைந்து ரூபாய் சொச்சம். மிச்சமாகும் நேரம் ஆறரை நிமிடம். அதாவது மணிக்கு 330 ரூபாய் கொடுத்து நேரம் வாங்குகிறார். மருத்துவமனைக்கு ஓடுகிறவருக்கு அது மலிவு. கல்யாண வீட்டுக்குச் சீக்கிரம் போய் நாற்காலியில் உட்கார்ந்திருக்கப் போகிறவருக்கு அது வீண்.

இந்தச் சாலைக்கென்று இன்னொரு விஷயம் இருக்கிறது. கரிசல் பூமி தட்டையானது; ஏற்ற இறக்கம் குறைவு, நிழலும் குறைவு. காற்றுக்குத் தடையே இல்லை. தெற்கே கயத்தாறில் காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. ஆடி மாதத்தில் தென்மேற்கிலிருந்து வரும் காற்று, திருநெல்வேலி நோக்கிப் போகும் வண்டியின் முகத்திலும் பக்கத்திலும் அடிக்கும். 60-ல் போகும் வண்டிக்கு நேர் எதிரே 20 கி.மீ. காற்று இருந்தால், காற்றுத் தடை 80-ல் போவது போலாகிறது, ஏறத்தாழ 1.8 மடங்கு. திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் தள்ளினால் தடை 0.44 மடங்காகக் குறையும். போகும்போது இழந்தது 0.78, வரும்போது கிடைத்தது 0.56. போக வர சரியாகிவிடும் என்று நினைப்பது தவறு. எதிர்க்காற்று நாளில் இன்னும் கொஞ்சம் மெதுவாகப் போவதுதான் சிக்கனம்.

சித்திரை வெயிலில் ஏசி போட்டால் கணக்கு எதிர்ப்பக்கம் நகர்கிறது. ஏசி மணிக்கணக்குச் செலவு. அதைச் சீக்கிரம் முடித்துக்கொள்ளச் சற்று வேகமாகப் போகலாம். இன்ஜினின் மணிக்கணக்குச் செலவு ஒன்றரை மடங்கானால், 55 என்றிருந்த சிக்கன வேகம் 63 வரை ஏறும். அவ்வளவுதான், 90-க்கு இல்லை.

கப்பலூர், எட்டூர்வட்டம் டோல்கேட்டுகளில் நின்று கிளம்புவதற்கும் விலை உண்டு. 100-ல் வந்த கார் நின்று மறுபடி 100-ஐப் பிடிக்க 50 மில்லிக்கு மேல் பெட்ரோல் போகும். 60-க்கு 20 மில்லி போதும். பதினாறு டன் லாரி 60-ஐ மீண்டும் பிடிக்க 175 மில்லி டீசல் கேட்கும். டோல்கேட் தெரிந்ததும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, கியரிலேயே உருளவிடுவது நல்லது. நியூட்ரலில் தள்ளினால் மிச்சம் என்பது கார்புரேட்டர் காலத்து நம்பிக்கை. இன்றைய இன்ஜின்கள் கியரில் உருளும்போது எரிபொருளை முழுதாகவே நிறுத்திவிடும், நியூட்ரலில்தான் குடித்துக்கொண்டிருக்கும்.

உங்கள் வண்டியின் சிக்கன வேகத்தை நீங்களே கண்டுபிடிக்கலாம். திருமங்கலத்திலிருந்து கயத்தாறு வரை ஏறத்தாழ 100 கி.மீ. சமதளச் சாலை இருக்கிறது. காற்று அடங்கிய விடியற்காலையில், ஒரே வேகத்தில் போய்வர வேண்டும். ஒரே பங்கில், ஒரே பம்பில் டேங்க் நிரப்ப வேண்டும். விருதுநகர்–சாத்தூர் தூரம் இதற்குப் போதாது. ஒன்றிரண்டு லிட்டர் கணக்கில் நிரப்புவதில் வரும் பிழையே விடையை விழுங்கிவிடும். ஸ்பீடோமீட்டர் எப்போதும் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும் என்பதால், செல்போன் ஜிபிஎஸ் வேகத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

புறப்படும் முன் டயருக்குக் காற்றுப் பிடியுங்கள். 60-ல் போகத் தீர்மானித்தால் இடது தடத்திலேயே போங்கள். வலது தடம் முந்துகிறவர்களுக்கு.