எமது வீட்டின் விதியை எவர் தீர்மானிப்பது?

ஊரில் எம்மைக் கேளாமலே எமது வீடுகள் இடிபட்டதைக் கண்டவர் நாம். இலண்டனிலோ, இடிப்பதற்கு முன் கேட்கவேண்டும் என்ற விதி உண்டு. அது போராடிப் பெறப்பட்டது.

ஸ்ட்ராட்போர்ட் புகையிரத நிலையத்தை அண்டியுள்ள கார்பென்டர்ஸ் தொடர்மாடிக் குடியிருப்பு இதற்குச் சான்று. புனரமைப்பின் பெயரால் அங்கிருந்து மக்கள் ஆண்டுக்கணக்கில் அகற்றப்பட்டனர். பல வீடுகள் பூட்டியே கிடந்தன. யூ.சி.எல். பல்கலைக்கழகம் அங்கு வளாகம் அமைக்கவிருந்த திட்டத்தைக் குடியிருப்பாளர் எதிர்த்தனர். 2013இல் அது கைவிடப்பட்டது. எஞ்சியோர் எதிர்ப்புடன் நின்றுவிடாது, தமது அயலுக்கான திட்டமொன்றைத் தாமே வரைந்தனர். 2021 டிசம்பரில் நியூஹாம் நகரசபை தனது புதிய திட்டத்தை வாக்கெடுப்புக்கு விட்டபோது, வாக்களித்தோரில் 73 சதவீதத்தினர் ஆதரித்தனர்.

இலண்டன் மேயரின் நிதியுதவியுடன் சமூக வீடுகளை இடித்து, 150 அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகளைக் கட்டுவதாயின், குடியிருப்பாளரின் வாக்கெடுப்பு அவசியம் என்ற விதி 2018 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பதினாறு வயது நிரம்பியோர் வாக்களிக்கலாம், பிரஜாவுரிமை நிபந்தனையன்று.

ஆயினும் நகரசபை வாடகையாளராயின் ஒப்பந்தத்தில் பெயர் இருத்தல் வேண்டும். கணவர் பெயர் மட்டும் இருப்பின் மனைவிக்கு வாக்கில்லை. ஒப்பந்தத்தில் பெயரற்றோரும், அங்கு தனியாரிடம் வாடகைக்கு இருப்போரும், நகரசபையின் வீட்டுப் பதிவேட்டில் ஓராண்டேனும் இடம்பெற்றிருந்தால் மட்டுமே வாக்களிக்கலாம்.

ஆங்கிலக் கடிதங்களைப் பிரிக்காது ஒதுக்கிவைப்பது எம்மவரிற் பலரின் வழக்கம். அவற்றுள் ஒன்று, எமது வீட்டை இடிக்கலாமா என எம்மையே வினவும் கடிதமாகவும் இருக்கலாம்.