கடைக்காரர்களின் தலைவர்

தென்மேற்குப் பிரான்ஸில், லோ ஜில்லாவில், ஸான் ஸெரே என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. 1953-ம் வருஷம் ஜூலை மாதத்தில் வரி உத்தியோகஸ்தர்கள் அங்கே கடைக் கணக்குகளைப் பரிசோதிக்க வந்தார்கள். முன்னதாகவே செய்தி அறிந்த வியாபாரிகள் ஒன்றுகூடி, வந்தவர்களை வெறுங்கையுடன் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்களுக்கு முன்னின்றவர் காகிதமும் புத்தகமும் விற்றுவந்த முப்பத்திரண்டு வயது இளைஞர். அவர்தாம் பியேர் பூஜாத்.

பூஜாத் அதே ஊரில் 1920-ல் பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். படிப்பு பாதியில் நின்றது. யுத்த காலத்தில் முதலில் விஷி சர்க்காரின் இளைஞர் இயக்கத்தில் ஈடுபட்டார். பின்னர் ஜெர்மானியர் தென் பிரான்ஸைப் பிடித்ததும், ஸ்பெயின் வழியாகத் தப்பி வட ஆப்பிரிக்காவை அடைந்தார்.

யுத்த காலத்திலும் அதை அடுத்த வருஷங்களிலும் பண்டங்களுக்குப் பஞ்சம். ஆகவே சிறு கடைகளும் செழித்தன. 1952-ல் விலையேற்றம் நின்றது. பெரிய கடைகள் பெருகின. கிராமத்தார் பட்டணங்களுக்குக் குடியேறினார்கள். சிறு வியாபாரியின் வரவு சுருங்கியது. வரிப் பரிசோதனையோ சுருங்கவில்லை.

இந்த மனக்குறையைக் கொண்டு பூஜாத் 1953 நவம்பரில் வியாபாரிகள், கைத்தொழிலாளர் பாதுகாப்புச் சங்கத்தை அமைத்தார். பரிசோதகர் ஒரு கடையில் நுழைந்தால் ஊர்க் கடைக்காரர் அனைவரும் அங்கே கூடுவார்கள். வரிப் பாக்கிக்காகச் சாமான் ஏலத்துக்கு வந்தால் அற்பத் தொகையே கேட்பார்கள். 1955 ஜனவரியில் பாரிஸில் நடந்த கூட்டத்துக்குச் சுமார் ஒரு லட்சம் பேர் திரண்டனர். 1956 ஜனவரி 2-ந் தேதி தேர்தலில் இயக்கத்துக்கு ஏறக்குறைய 25 லட்சம் வோட்டுகளும் 52 ஸ்தானங்களும் கிடைத்தன. பிற்காலத்தில் தீவிர வலதுசாரித் தலைவரான ழான் மாரி லெ பென் அப்பொழுதுதான், இருபத்தேழு வயதில், முதன்முதலாகப் பார்லிமெண்டில் நுழைந்தார்.

ஆனால் வெற்றிக்குப் பிறகு செய்ய வேண்டியது யாது என்பதற்கு பூஜாத்திடம் திட்டம் இல்லை. அதனினும் பெரிய பிழை ஒன்று உண்டு. முன்னாள் பிரதம மந்திரி மென்டெஸ் பிரான்ஸ் யூதராகப் பிறந்ததையே குற்றமாக்கி, மேடைகளில் அவரை ஏசினார். வரியின் கடுமையைக் கேட்க வந்தவர்களுக்கு இவ்விதம் துவேஷமும் சேர்த்துப் புகட்டப்பட்டது.

1957-ல் பாரிஸ் உபதேர்தலில் பூஜாத் தாமே நின்று தோற்றார். 1958-ல் ஜெனரல் டி கால் அதிகாரத்துக்கு வந்ததும் இயக்கம் கரைந்துபோயிற்று. 2003-ல் அவர் காலமானார். இன்றும் பிரஞ்சு அரசியலில் 'பூஜாதிஸம்' என்பது ஓர் ஏச்சுச் சொல்லே. கடைக்காரரின் குறை பொய்யல்ல. அதை எடுத்துச் சொன்ன நாவில் கலந்த விஷமே அந்தப் பெயரைத் தேடித் தந்தது.