புவெனஸ் அயர்ஸில் பாஸ்போர்ட் பறிபோனால்

புவெனஸ் அயர்ஸுக்கு நாலைந்து நாள் சுற்றுலா போகும் இந்தியக் குடும்பங்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறு ஒன்று உண்டு. எல்லோருடைய பாஸ்போர்ட்டும் ஒரே கைப்பையில், ஒருவர் தோளில். லா போக்கா, சான் தெல்மோவின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை, ரெத்தீரோ பேருந்து நிலையம், சுரங்க ரயில் என்று கூட்டம் சேரும் இடமெல்லாம் பை பறிபோகும் இடம்தான். சட்டையில் சாஸ் தெறிக்கும். துடைத்துவிட முன்பின் தெரியாத ஒருவர் ஓடி வருவார். துடைத்து முடிப்பதற்குள் பை போயிருக்கும்.

பறிகொடுத்தவர்கள் நேராகத் தூதரகத்துக்கு ஓடுகிறார்கள். அங்கே முதலில் கேட்பது காவல்துறைப் புகாரின் நகல். அது இல்லாவிட்டால் அந்த அலைச்சல் வீண். ஆகவே முதல் வேலை காவல் நிலையம். அவசர எண் 911. சுற்றுலாப் பயணிகளுக்கென்றே 'கொமிசாரியா தெல் துரிஸ்தா' என்ற தனி நிலையமும் உண்டு. தெனுன்சியா எனப்படும் அந்தப் புகாரைப் பதியக் கட்டணம் கிடையாது. நாளைக்கு வரச் சொன்னாலும் நகர வேண்டாம். நகல் கையில் வந்த பிறகே கிளம்ப வேண்டும்.

அந்த நகலை அங்கேயே எழுத்தெழுத்தாகச் சரிபார்க்க வேண்டும். பல தமிழர்களின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். புகாரை எழுதுபவர் தகப்பனார் பெயரையோ ஊர்ப் பெயரையோ அங்கே நிரப்பிவிட்டால், பிறகு எந்த அலுவலகத்திலும் பெயர் பொருந்தாது. ஒவ்வொருவரின் பாஸ்போர்ட் எண்ணும் தனித்தனியே இடம்பெற வேண்டும். திருடப்பட்டதைத் தொலைந்ததாக எழுதவிடக் கூடாது. பயணக் காப்பீட்டில் இரண்டும் ஒன்றல்ல.

அடுத்தது இந்தியத் தூதரகம். அது அதே நகரில் இருக்கிறது. புதிய பாஸ்போர்ட்டுக்கு நாளாகும் என்பதால், அவசரமாகத் திரும்புவோருக்கு எமர்ஜென்சி சர்டிபிகேட் தருவார்கள். இணையத்தில் நிரப்பிய விண்ணப்பம், புகார் நகல், பழைய பாஸ்போர்ட்டின் நகல், புகைப்படங்கள், விமானச் சீட்டு ஆகியவற்றோடு போக வேண்டும். குழந்தைக்கு என்றால் பெற்றோர் இருவரின் சம்மதமும் கேட்பார்கள். ஒருவர் ஊரிலேயே இருந்தால் அவருடைய கையெழுத்தை உடனே வரவழைக்க வேண்டும். வெள்ளி மாலை திருட்டு நடந்தால் திங்கள் வரை அலுவலகம் திறக்காது. தூதரகத்தின் அவசரத் தொலைபேசி எண்ணைக் கிளம்பும் முன்பே குறித்துக்கொள்ளாதவர்கள் இரண்டு நாளை வீணாக இழக்கிறார்கள்.

இந்தச் சர்டிபிகேட் இந்தியா திரும்புவதற்கு மட்டுமே. பழைய பாஸ்போர்ட்டில் இருந்த அமெரிக்க, ஐரோப்பிய விசாக்கள் அதோடு போய்விட்டன. அந்த வழியாகத் திரும்பும் சீட்டு இருந்தால், விமான நிறுவனத்திடம் கேட்டு வழியை மாற்ற வேண்டியிருக்கும். திருடப்பட்டதாகவோ தொலைந்ததாகவோ பதிவான பாஸ்போர்ட் பிறகு கிடைத்தாலும் செல்லாது. கிடைத்துவிட்டதே என்று அதையே நீட்டினால் விமான நிலையத்தில் நிறுத்திவிடுவார்கள். பழையதைத் தொடவே கூடாது.

இதே பையில்தான் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழும் கிடக்கும். மஞ்சள் காய்ச்சல் நாடுகளின் இந்தியப் பட்டியலில் அர்ஜென்டினாவும் இருக்கிறது. சான்றிதழ் இல்லாமல் வந்திறங்கினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்த அதிகாரிகளுக்கு உரிமை உண்டு. ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் அது செல்லும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போட்டுக்கொள்ளலாம். சான்றிதழைப் பாஸ்போர்ட் பையில் வைக்காமல் வேறு பையில் வைத்து, ஒரு நகலை ஊரில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.