அணு உலைக்குப் போகும் கடை வாஷர்!

குட்டீஸ், குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம் பக்கத்தில் இருக்கிறது சிதறால். சமணச் சிற்பங்கள் உள்ள மலை என்பதால் பள்ளிச் சுற்றுலாவில் போயிருப்பீர்கள். அந்த வட்டாரத்தில் நிறைய ரப்பர் மரங்களைப் பார்க்கலாம். பட்டையைச் சாய்வாகக் கீறி, கீழே சிரட்டை கட்டியிருப்பார்கள். சொட்டுச் சொட்டாக விழும் அந்தப் பால்தான் உறைந்து, ஷீட்டாகி, பிறகு டயராகவும் செருப்பாகவும் வாஷராகவும் மாறுகிறது.

வாஷர் என்றால் சின்ன ரப்பர் வளையம். அது கெட்டால் குழாய் ஒழுகும். குக்கர் மூடியில் இருக்கும் வளையமும் அதற்கு அண்ணன்தான். பழசானால் விறைத்துப்போய், ஓரத்தில் ஆவி 'உஸ்ஸ்' என்று கசியும். அம்மா கடையில் புதுசு வாங்கி மாட்டிவிடுவார். வேலை முடிந்தது!

அணுமின் நிலையத்திலும் இப்படி ஏராளமான வளையங்கள், பியூஸ்கள், சுவிட்சுகள், வால்வுகள் உண்டு. அங்கேயும் கடையில் வாங்கி மாட்டலாமா? மாட்டலாம்! ஆனால் அதற்கு முன்னால் அந்தச் சாமான் ஒரு பெரிய பரீட்சை எழுத வேண்டும்.

ஏன் அவ்வளவு கெடுபிடி? மின்விசிறியை நிறுத்தினால் நின்றுவிடும். அணு உலை அப்படி இல்லை. நிறுத்திய உடனேகூட, முழு வேகத்தில் ஓடும்போது வருகிற வெப்பத்தில் சுமார் 6 சதவீதம் வந்துகொண்டே இருக்கும். பிறகு மெல்ல மெல்லக் குறையும். அதுவரை தண்ணீர் ஓடிக் குளிர்வித்தே ஆக வேண்டும். அந்த நேரத்தில் ஒரு வால்வு திறக்க மறுத்தால்? வருடம் முழுக்கச் சும்மா இருந்துவிட்டு, அந்த ஒரு நாளில் வேலை செய்ய வேண்டிய சாமான்கள் அங்கே நிறைய.

கன்னியாகுமரியைத் தாண்டி, நெல்லை மாவட்டத்துக்குள் போனால் கடலோரத்தில் கூடங்குளம். அங்கே முதல் உலையை இயக்குவதற்கு முன்பு சோதனைகள் நடந்தன. ஒரே வகையைச் சேர்ந்த 4 வால்வுகள் சரியாக வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 2013 ஏப்ரலில் இதை வெளியே சொன்னது. அவற்றைச் சரிசெய்து, மறுபடி சோதித்த பிறகுதான் அந்த ஜூலையில் உலை இயங்கத் தொடங்கியது. பாகங்கள் தரமானவையா என்று பக்கத்து ஊர் மக்கள் அப்போது கேள்வி கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான் அது. உலைக்கென்றே வந்த வால்வுக்கே இப்படி என்றால், கடைச் சரக்கை எவ்வளவு சோதிக்க வேண்டும்!

"அப்படியானால் கடையில் ஏன் வாங்க வேண்டும்?" என்கிறீர்களா? தாத்தா காலத்து மிக்சிக்கு இன்று ஸ்பேர் கிடைக்குமா? அதே கஷ்டம்தான். மும்பைக்கு வடக்கே உள்ள தாராப்பூர் அணுமின் நிலையம் 1969-லேயே மின்சாரம் தரத் தொடங்கியது. நிலையங்கள் 40, 50 வருடம் ஓடுகின்றன. அதற்குள் பாகம் செய்த கம்பெனி மூடப்படலாம், வேறு தொழிலுக்கும் போய்விடலாம். அமெரிக்காவில் இந்தத் தொல்லை அதிகமாகி, கடைச் சாமானை எப்படிச் சோதித்து ஏற்பது என்று 1988-ல் ஒரு வழிகாட்டியே எழுதினார்கள்.

சரி, பரீட்சைக்கு வருவோம். நம் வளையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். (மரத்து ரப்பர் கடும் சூட்டை அவ்வளவாகத் தாங்காது. உலைப் பக்கம் போவது பெரும்பாலும் செயற்கை ரப்பர்.) முதலில் அளவு, கடினம், எதனால் செய்தது என்று பார்ப்பார்கள். அடுத்து அதைக் கிழவனாக்குவார்கள்! 40 வருடம் காத்திருக்க முடியுமா? அதனால் சூட்டடுப்பில் வைக்கிறார்கள். தோராயமாக, வெப்பம் 10 டிகிரி கூடினால் பொருள் இரண்டு மடங்கு வேகத்தில் பழசாகும். 60 டிகிரி கூட்டினால் 64 மடங்கு. 40 வருடத்தை 64-ஆல் வகுத்துப் பாருங்கள்: ஏழரை மாதம்தான்! பொருளுக்குப் பொருள் இந்தக் கணக்கு மாறும் என்பதால், நிபுணர்கள் ஒவ்வொன்றுக்கும் தனியாகப் போடுவார்கள்.

கிழவனான வளையத்தின் மீது காமாக் கதிர் பாய்ச்சுவார்கள். மின்சாதனமாக இருந்தால் நிலநடுக்க மேடையில் வைத்து உலுக்குவார்கள். சென்னை தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையத்தில் அப்படிப்பட்ட மேடை இருக்கிறது. கடைசியாக, விபத்தில் வருவதுபோன்ற கொதிக்கும் ஆவி நிறைந்த பெட்டி. இவ்வளவுக்கும் பிறகு கசியாமல் இருந்தால் பாஸ்!

ஒரு வேடிக்கை பார்த்தீர்களா? பாஸான வளையம் உலைக்குப் போகாது. அதுதான் வதங்கிப்போய்விட்டதே! குப்பைக்குத்தான் போகும். உலைக்குப் போவது சோதிக்காத அதன் தம்பிகள்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள் இல்லையா? ஆனால் எல்லாச் சோறும் ஒரே பானையில் வெந்ததுதானா? தொழிற்சாலைக்காரர் போன மாதம் ஒரு ரப்பர், இந்த மாதம் வேறு ரப்பர் போட்டிருக்கலாம். பெட்டியின் மேல் பெயரும் எண்ணும் மாறாது. அதனால் பொறியாளர்கள் தொழிற்சாலைக்கே போவார்கள். எந்த நாளில், எந்தக் கலவையில் செய்தது என்று கணக்கைப் புரட்டுவார்கள். எனக்கு இந்த வேலைதான் சூட்டடுப்பைவிடக் கஷ்டமானதாகத் தோன்றுகிறது.

சான்றிதழ் இருந்தால் போதாதா? தென் கொரியாவில் நடந்ததைக் கேளுங்கள். 2012 நவம்பரில் யோங்வாங் என்ற இடத்தில் 2 உலைகளை நிறுத்தினார்கள். பியூஸ், சுவிட்ச், குளிர்விக்கும் விசிறி என 5,000-க்கும் மேற்பட்ட பாகங்கள் போலித் தரச் சான்றிதழோடு உள்ளே போயிருந்தன! குளிர்காலம் வேறு, மின்வெட்டு வந்துவிடுமோ என்று நாடே பயந்தது. அடுத்த வருடம் இன்னும் பெரிய அதிர்ச்சி. விபத்து நேரத்தில் சிக்னல் கொண்டுபோக வேண்டிய கேபிள்களின் சோதனை அறிக்கையையே மாற்றி எழுதியிருந்தார்கள். மேலும் சில உலைகள் நின்றன. சம்பந்தப்பட்ட பலர் சிறைக்குப் போனார்கள்.

தேர்வான வளையங்களுக்கு எண் போட்டு, தனி அறையில் பூட்டி வைப்பார்கள். எது எந்தக் குழாயில், எந்தத் தேதியில் மாட்டப்பட்டது என்று பதிவேட்டில் எழுதுவார்கள். அவசரத்துக்கு அதே கடையில், அதே விலையில், அதே மாதிரி இன்னொன்றை வாங்கி வந்தாலும் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். அது இன்னும் பரீட்சை எழுதவில்லையே!